மீறினால் ஆயிரம் ரூபாய்

கேள்வி: வெற்றிலை சீவலோடு புகையிலை போடும் பழக்கம் இருபது வருடமாக உண்டு. 'இனி கூடியவரை புகையிலை போடமாட்டேன், மீறினால் தடவைக்கு ஆயிரம் ரூபாய்' என்று எழுதி மனைவியிடம் கொடுத்தேன். மைத்துனர் சாட்சிக் கையெழுத்து. இரண்டு மாதத்தில் ஐந்து தடவை மீறிவிட்டேன். பத்திரத்தாளில் எழுதினால் கட்டுப்படுவேனா?
– ஒரு வாசகர், பாபநாசம், தஞ்சை மாவட்டம்

பதில்: மாட்டீர்கள். பத்திரத்தாளிலும் அந்தக் 'கூடியவரை' இருக்கத்தானே போகிறது? கல்யாண வீடு, மழைநாள், மைத்துனர் நீட்டிய வெற்றிலை எல்லாம் அதில் அடங்கிவிடும். மீற இடம் வைத்துக்கொண்டுதான் கையெழுத்தே போட்டிருக்கிறீர்கள்.

அபராதம் மனைவிக்கு என்றால் அது வீட்டு மளிகைக்குத்தான் போகும். இதில் யாருக்கு வலிக்கும்?

உங்கள் பக்கத்து வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடும்போது யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை. உங்கள் முறை முடிந்தும் மடையை அடைக்காவிட்டால், நடுராத்திரியானாலும் அடுத்த வயல்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். அப்புறம் ஓடுவது அவர் தண்ணீர். உங்கள் தாளில் அப்படி ஒரு ஆள் இல்லை.

பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில், பணத்தைப் பணயம் வைத்தால் புகையை விடுவார்களா என்று ஒரு வங்கி மூலம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2010-இல் வெளியானது. புகைப்பவர்கள் முதலில் ஒரு தொகையைக் கணக்கில் போட்டு, பிறகும் போட்டு வர வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை. நிக்கோட்டின் இருந்தால் மொத்தப் பணமும் தர்மத்துக்கு. அழைத்தவர்களில் 11 சதவீதம் பேர்தான் துணிந்து சேர்ந்தார்கள். ஆனாலும் அழைக்கப்பட்ட எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால், அழைக்கப்படாதவர்களைவிட நூற்றுக்கு மூன்று பேர் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சொல்லாமல் வைத்த பரிசோதனையிலும் அந்த வித்தியாசம் இருந்தது. பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் அங்கே பணம் முன்கூட்டியே கைமாறியது, சோதித்தவர் யாருக்கும் மைத்துனர் இல்லை.

சரி, நீங்களும் பத்தாயிரத்தை முன்னாலேயே பொது ஆள் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 'கூடியவரை'யை அடித்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதுங்கள். மீறினால் பணம் உங்களோடு வரப்புத் தகராறு உள்ளவருக்கு என்று போடுங்கள். விஷயம் அவருக்குத் தெரியட்டும். அப்புறம் கல்யாணப் பந்தலில்கூட அவர் கண் உங்கள் வாயில்தான் இருக்கும்.

விட்ட முதல் வாரங்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அதற்குத் தாள் மருந்தாகாது. புகையிலையை விட உதவும் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. ஐந்து தடவைக்கான ஐயாயிரத்தைக் கட்டினீர்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!