சாவோ குடும்பப்பெயர்க்காரர்கள் எல்லாரும் சாவோ சாவோவின் வம்சமா?

கேள்வி இதுதான்: “சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பரின் குடும்பப்பெயர் சாவ். மூன்று நாடுகள் காலத்து சாவோ சாவோவின் நேர் வாரிசுகள் நாங்கள் என்று அவர் சொல்கிறார். உண்மையாக இருக்குமா? டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமா?”

முதல் வேலையாக, பெயரைச் சீன எழுத்தில் எழுதிக்காட்டச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் ஆங்கிலத்தில் ‘சாவ்’ என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மாண்டரினில் ‘ஜோவ்’ என்று சொல்லப்படும் வேறொரு குடும்பப்பெயர்க்காரர்கள். நடிகர்கள் சாவ் யுன் ஃபாட், ஸ்டீபன் சாவ் இருவரும் அந்த ஜோவ். சாவோ சாவோ, ஹான் ஆட்சி சரிந்த காலத்தில் வட சீனாவைக் கையில் வைத்திருந்து வெய் அரசுக்கு அடித்தளம் போட்ட படைத்தலைவர். அவருடைய குடும்பப்பெயர் எழுத்திலேயே வேறு. ஆனால் அதையும் கான்டனீஸ் பேசும் குடும்பங்கள் சில ‘சாவ்’ என்றே எழுதிவந்திருக்கின்றன. 1819இல் சிங்கப்பூரில் சாவ் கா கூன் என்ற குலச்சங்கத்தைத் தொடங்கிய சாவ் ஆ சீ அப்படிப்பட்டவர். தைஷானிலிருந்து வந்த தச்சர். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் கப்பலிலேயே வந்தார் என்று ஒரு கதையும் உண்டு. நண்பர் ஜோவ் என்றால் இந்தப் பதிலை இத்தோடு மூடிவிடலாம். சாவோ என்றால் மேலே படியுங்கள்.

சுருக்கமான பதில்: இருக்கலாம், ஆனால் பெயரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. சீனாவின் முதல் 35 குடும்பப்பெயர்களுக்குள் வரும் பெயர் அது. லட்சக்கணக்கானவர்கள் தாங்கும் ஒரு பெயர் ஒரே ஆளிடமிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பே இல்லை.

பாடப்புத்தகக் கதை இப்படிப் போகும். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசை வீழ்த்திய ஜோவ் வம்சத்து வூ மன்னர், தம்பி ஜென்துவோவுக்கு இன்றைய ஷாண்டோங் மாகாணத்து டிங்தாவ் பகுதியைக் கொடுத்தார். அந்தக் குட்டி நாட்டின் பெயர் சாவோ. கி.மு. 487இல் பக்கத்து சோங் நாடு அதை விழுங்கியது. நாடு போனபின் அங்கிருந்தவர்கள் நாட்டின் பெயரையே குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்கள். சீனக் குடும்பப்பெயர்களில் நிறைய இப்படித்தான் வந்தவை. அதே ஷாண்டோங்கில் ஜூ என்று இன்னொரு சிறு நாடு இருந்தது. அதன் ஆட்சிக்குடும்பத்தின் பெயரும் சாவோதான். முதல் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் ரத்த உறவு கிடையாது. ஆக, தொடக்கத்திலேயே இரண்டு வேர்.

மூன்றாவது வேர் மத்திய ஆசியாவில். பட்டுப்பாதையில் வாணிபம் செய்த சோக்டியர்கள் சீனாவுக்குள் வந்து தங்கியபோது, எந்த ஊரோ அதற்கேற்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. சமர்கந்துக்காரர் காங், புகாராக்காரர் ஆன், சமர்கந்துக்கு வடக்கே கபூதான் பக்கத்திலிருந்து வந்தவர் சாவோ. 6ஆம் நூற்றாண்டில் வட சி அரசவையில் சாவோ ஜோங்தா என்று ஒரு ஓவியர் இருந்தார். அவர் வரைந்த உருவங்களின் ஆடை, தண்ணீரிலிருந்து எழுந்துவந்தவர் மேல் ஒட்டியிருப்பதுபோல உடம்போடு படிந்திருக்கும் என்று சீனக் கலை விமர்சகர்கள் இன்றும் அவர் பாணியைக் குறிப்பிடுகிறார்கள். அதே அரசவையில் சாவோ மியாவ்தா என்ற பீபா (வீணைபோன்ற சீன நரம்புக்கருவி) வாத்தியக்காரர், வாசிப்புக்காகவே இளவரசர் பட்டம் வாங்கியவர். இவர்களுக்கும் ஷாண்டோங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பட்டுப்பாதையில், சீனாவின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் துன்ஹுவாங்கை 914 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட சாவோ குடும்பம் இன்னும் சுவாரசியமானது. அங்கிருக்கும் மோகாவ் பௌத்தக் குகைகளில் 98ஆம் குகையும் 61ஆம் குகையும் இவர்கள் கைங்கரியம். உய்குர் இளவரசி மருமகளாக வந்தாள், இந்த வீட்டுப் பெண் கோத்தான் மன்னருக்கு வாழ்க்கைப்பட்டாள். சுவரில் வரிசையாக நிற்கும் உருவங்களில் அந்தச் சம்பந்திகளையெல்லாம் இன்றும் பார்க்கலாம். தங்கள் பூர்வீகம் என்று இவர்கள் எழுதிவைத்தது சியாவ், அதாவது சாவோ சாவோவின் சொந்த ஊர். இன்றைய பெயர் போஜோவ், அன்ஹுயி மாகாணத்தில் இருக்கிறது. வரலாற்றாளர்கள் சிலரோ இவர்கள் சோக்டியர் வழி என்று வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் நம்பும்படிதான் இருக்கிறது. ஆட்சி கைக்கு வந்தபின் ஊரறிந்த முன்னோர் ஒருவர் தேவைப்படுகிறார், பெயரும் ஒத்துப்போகிறது, வேறென்ன வேண்டும்?

சாவோ சாவோ வீட்டிலேயே இந்த வேலைதான் நடந்தது. அவர் 155இல் பிறந்து 220இல் இறந்தவர். அவருடைய தாத்தா சாவோ தெங் ஹான் அரண்மனையில் செல்வாக்கான அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர். அவர் கல்வெட்டில், சாவோ குடும்பம் ஜூ நாட்டு வழி என்று இருந்தது. சாவோ சாவோ தானே எழுதிய குடும்ப வரலாற்றில், ஜென்துவோ வழி என்றார். பேரன் மிங் பேரரசர் 237 வாக்கில், அமைச்சர் காவ்தாங் லோங் சொன்னதைக் கேட்டு, நாங்கள் புராண கால ஷுன் பேரரசரின் வழி என்று அறிவித்துவிட்டார். இத்தனைக்கும் நடுவே, அதிகாரபூர்வ வரலாற்றை எழுதிய சென் ஷோவ், கி.மு. 190இல் இறந்த ஹான் முதலமைச்சர் சாவோ ஷென்னின் வழி என்று எழுதிவைத்தார். ஒரே குடும்பத்துக்கு நான்கு ஆதி. மிங் பேரரசர் காலத்து அதிகாரி ஜியாங் ஜி, ஷுன் வழி என்பது சரியில்லை என்று வாதாடினார். முதல் மூன்று கதைகளும் ஒன்றோடொன்று முரண்படுவது நமக்குத் தெரியவருவதே அந்தச் சண்டை பழைய உரைகளில் பதிவாகியிருப்பதால்தான்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. தாத்தா அண்ணகர் என்றால் அப்பா சாவோ சோங் யார்? தத்துப்பிள்ளை. எங்கிருந்து தத்து எடுத்தார்கள் என்பதில்தான் ஊர்வாய். அந்த ஆளின் பிறப்பு மூலம் யாருக்கும் தெளிவாகத் தெரியாது என்று சென் ஷோவ் ஒரே வரியில் தாண்டிப்போகிறார். எதிரி யுவான் ஷாவுக்காக சென் லின் எழுதிய போர் அறிக்கை, பிச்சையெடுத்துக் கொண்டுவந்து வளர்த்த பிள்ளை என்று தாக்குகிறது. (பின்னாளில் அதே சென் லின் சாவோ சாவோவிடமே வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து அரசியலும் அப்படித்தான்.) 5ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் பெய் சோங்ஜி எடுத்துக்காட்டும் பழைய நூல்கள், அவர் சியாஹோவ் குடும்பத்துப் பிள்ளை என்கின்றன. சாவோ சாவோவின் தளபதி சியாஹோவ் துன் அந்தக் குடும்பம்தான். இதை நம்பினால் சாவோ சாவோ ரத்தத்தால் சாவோவே அல்ல.

டிஎன்ஏ கதை இங்கேதான் நுழைகிறது. 2009 டிசம்பரில், ஹெனான் மாகாணம் அன்யாங் அருகே சாவோ சாவோவின் கல்லறை கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். கிடைத்த கற்பலகைகளில் ஒன்றில், ‘வெய் நாட்டு வூ அரசர் வழக்கமாகப் பயன்படுத்திய, புலியோடு பொருதும் பெரிய ஈட்டி’ என்று செதுக்கியிருந்தது. வெய் நாட்டு வூ அரசர் என்பது சாவோ சாவோவின் பட்டம். உண்மையா போலியா என்று நாடே சண்டை போட்டது. 2010 தொடக்கத்தில் ஷாங்காயின் ஃபுதான் பல்கலைக்கழகம், சாவோ குடும்பப்பெயருள்ள ஆண்கள் வந்து ரத்தம் கொடுங்கள் என்று கேட்டது.

ஆண்களை மட்டும் கேட்டதற்குக் காரணம் ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். குடும்பப்பெயரும் அதே பாதைதான். வழியில் எப்போதாவது எழுத்துப்பிழைபோல ஒரு சிறு மாற்றம் விழும். அந்த மாற்றம் அடுத்தடுத்த தலைமுறைகளில் அப்படியே தொடரும். அதை வைத்து ஆண் வழிகளைக் கிளைகிளையாகப் பிரிக்கலாம். இந்தக் கிளைகளுக்கு ஹாப்லோகுரூப் என்று பெயர்.

ஆய்வாளர்கள் நாடெங்கும் சாவோ குலங்களிடம் மாதிரி எடுத்தார்கள். அவற்றில் சாவோ சாவோவின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் குலங்களும் இருந்தன. அப்படிச் சொல்லிக்கொள்ளும் குலங்களில் மட்டும் ஒரு கிளை கணிசமாகத் தூக்கலாக இருந்தது. அதன் அடையாளக்குறி எம்268. பொதுவாகச் சீன ஆண்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேரிடம்தான் இருக்கும் கிளை அது. இது 2012இல் வெளியானது. சாவோ ஷென் வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பத்தின் கிளை வேறாக இருந்தது. ஆக, முதலமைச்சர் வழி என்று சென் ஷோவ் எழுதியது அடிபட்டுப்போனது.

வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிறவர்களை வைத்து வாரிசுரிமையை நிரூபிப்பது சுற்றிவளைத்து அங்கேயே வந்து நிற்கும் வாதம் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை இரண்டு பற்களில் கிடைத்தது. போஜோவில் சாவோ குடும்பக் கல்லறைகளை 1970களில் தோண்டியிருந்தார்கள். அதில் ஒன்று, தாத்தா சாவோ தெங்கின் உடன்பிறந்தவரான சாவோ டிங்குடையது என்று கருதப்படுகிறது. அங்கே கிடைத்த பற்களின் டிஎன்ஏவும் அதே எம்268 கிளையிலேயே, அதன் உட்பிரிவு ஒன்றில் விழுந்தது. 2013இல் வெளியான முடிவு இது.

இதன் பொருள் என்ன? சாவோ சோங்கை வேற்று வீட்டிலிருந்து எடுத்திருந்தால், அவர் வழி வந்தவர்களின் ஒய் குரோமோசோம் தாத்தாவின் உடன்பிறந்தவரோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகிறது என்றால், தத்து எடுத்தது பங்காளி வீட்டுப் பிள்ளையை. சியாஹோவ் கதை எதிரிகள் கட்டிவிட்டதாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளையில்லாதவர் பங்காளி மகனைச் சுவீகாரம் எடுப்பது அங்கே இயல்பான வழக்கம். 1,800 ஆண்டு வதந்திக்குக் கடைசியில் கிடைத்த விடை இப்படிச் சாதாரணமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகம் விடவில்லை. சாவோ சாவோவுக்குப் பங்காளிகள் நிறைய. சாவோ ரென், சாவோ ஹோங் என்று பெரிய தளபதிகளே உண்டு. அவர்கள் வழி வந்த குடும்பம் ஒன்று, நாலைந்து நூற்றாண்டு கழித்து, ‘சாவோ சாவோ வழி’ என்று குடும்ப வம்சாவளி ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தாலும் இன்றைக்குக் கிடைக்கும் டிஎன்ஏ முடிவு இதேதான். போஜோவ் சாவோக்களின் கூட்டம் எது என்பது பற்றி இந்த ஆய்வு உறுதியாகப் பேசுகிறது. சாவோ சாவோ என்ற தனிமனிதரைப் பற்றி அத்தனை உறுதி எனக்கு வரவில்லை.

அப்புறம் அந்த வம்சாவளி ஏடுகள். என்னோடு வேலை பார்த்த அன்ஹுயிக்காரர் ஒருவரும் சாவோதான். அவர் வீட்டு ஏட்டின் மறுபதிப்பை எனக்குக் காட்டினார். நீல அட்டை, நூல் கோத்துத் தைத்த முதுகு. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு எழுத்து என்று முன்கூட்டியே ஒரு செய்யுளில் வகுத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி எல்லார் பெயரிலும் அந்த எழுத்து வரும். பெயரைக் கேட்டதுமே யார் சித்தப்பா முறை, யார் பேரன் முறை என்று சொல்லிவிடலாம். மிங் வம்சம் ஆண்ட காலத்துக்கு (1368–1644) இந்தப் பக்கம் எல்லாம் கச்சிதம்: பிறந்த வருடம், புதைத்த மலைச்சரிவு, மனைவியின் பிறந்தகப் பெயர் வரை. முதல் பக்கத்தில் ஜென்துவோ. இடையில் ஆயிரம் ஆண்டுக்குமேல் இரண்டே பக்கத்தில் ஓடிவிடுகிறது. “இந்த இடத்தில் புத்தகம் கொஞ்சம் அவசரப்படும்” என்று அவரே சிரித்தார். பெரும்பாலான ஏடுகள் மிங், சிங் காலத்தில் தொகுத்தவை, அதற்கு முந்தைய பகுதிக்குப் புகழ்பெற்ற ஒருவரைத் தேடிப்பிடித்து உட்காரவைப்பது வழக்கம்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். சைக்ஸ் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயரை 2000இல் ஆராய்ந்தபோது, சோதித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே ஒய் வகை. அந்தப் பெயருக்கு வயது எழுநூறு சொச்சம். சாவோ இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டிய பெயர். இடையில் எத்தனை தத்து, மாமனார் வீட்டோடு தங்கி மாமனார் பெயரையே பிள்ளைக்கு வைத்த மாப்பிள்ளைகள் எத்தனை பேர், அரசர் கொடுத்த பெயர், உயிருக்குப் பயந்து மாற்றிய பெயர்! அதனால்தான் பெரிய சீனக் குடும்பப்பெயர் எதை எடுத்தாலும் அதற்குள் பல ஹாப்லோகுரூப் கலந்து கிடக்கும். ஹான் சீன ஆண்களில் சுமார் 40 சதவீதம் பேரின் ஆண்வழி, புதிய கற்காலத்தில் வாழ்ந்த மூன்றே மூன்று ஆண்களிடம் போய்ச் சேர்கிறது என்று 2014இல் ஒரு ஆய்வு காட்டியது. மேலோட்டமான கிளைப்பெயர் மட்டும் ஒத்துப்போனால் அது குடும்பப்பெயர் பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டு முந்தைய உறவு.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருவோம். எம்268 என்று முடிவு வந்தால் உடனே விருந்து வைக்க வேண்டாம்; இருபதில் ஒரு சீன ஆணுக்கு அது இருக்கும். வராவிட்டால் சாவோ சாவோ வழி அநேகமாக இல்லை என்று சொல்லலாம். அதற்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. தாத்தா அல்லது பூட்டனார் கல்லறைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துச் சீனக் கல்லறைகளில் பூர்வீக வட்டத்தின் பெயரைப் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். அந்த வட்டம் தெரிந்தால் ஊரைத் தேடலாம், ஊரில் ஏடு இருக்கிறதா என்று விசாரிக்கலாம், அந்த ஏட்டில் தாத்தா பெயரின் தலைமுறை எழுத்து பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இதெல்லாம் ஆனபின் டிஎன்ஏ சோதனைக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால், ஒய் குரோமோசோமை ஆழமாகப் படிக்கும் சோதனையாகக் கேட்டு வாங்கட்டும். கடையில் தள்ளுபடியில் கிடைக்கும் சாதாரணக் கிட்டில் வட சீனம் இத்தனை, தென் சீனம் இத்தனை என்று சதவீதம்தான் வரும், குடும்பப்பெயரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.