வெள்ளிக் கேபிள் போட்டால் பாட்டு இனிக்குமா? சேலத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஹெட்ஃபோனுக்கு வெள்ளிக் கேபிள் மாற்றுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லி வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஆம்ப்ளிஃபயர், ஹெட்ஃபோன் ரிப்பேர் பார்ப்பவன். மாமனார் வீட்டில் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அதனால் வெள்ளியை இரண்டு பக்கமிருந்தும் பார்த்துப் பழக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், சண்டைக்கு வந்தவர்களையும் விட்டுவிடவில்லை.

ஐந்து ரோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, நேராவே கேக்கறேன். 32 ஓம் ஹெட்ஃபோன் வெச்சிருக்கேன். 9,000 ரூபாய்க்கு வெள்ளிக் கேபிள் போட்டா சத்தம் தெளிவாகுமா, ஆகாதா?

ஆகாது தம்பி. வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்பது உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு நன்றாக என்பதுதான் விஷயம். ஒரே நீளம், ஒரே தடிமன் கம்பியில் செம்பின் தடை 100 என்றால் வெள்ளியின் தடை சுமார் 95. அவ்வளவுதான் வித்தியாசம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 கேஜ் (0.4 மி.மீ. தடிமன்) செம்புக் கம்பி, 1.2 மீட்டர் கேபிள், போக வர 2.4 மீட்டர், மொத்தத் தடை 0.32 ஓம் வரும். அதையே வெள்ளியில் செய்தால் 0.30 ஓம். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு முன்னால் இந்த 0.02 ஓம் குறைந்ததால் சத்தம் எவ்வளவு கூடும் தெரியுமா, 0.005 டெசிபெல். அமைதியான அறையில் பழகிய காதுக்கே கால் டெசிபெல்லுக்குக் கீழே போனால் பிடிபடுவது கஷ்டம்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். அந்த 32 ஓம் எங்கே இருக்கிறது? ஹெட்ஃபோன் டிரைவருக்குள், அதாவது சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலில். முடியைவிட மெல்லிய கம்பி, மீட்டர் கணக்கில் சுற்றியிருப்பார்கள், அது செம்பு, இல்லையென்றால் செம்பு போர்த்திய அலுமினியம். பாட்டு ஒரு மீட்டர் வெள்ளியில் ராஜநடை போட்டு வந்து, கடைசியில் அந்த அலுமினியத்துக்குள் நுழைந்துதான் சத்தமாக வேண்டும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்: கணக்கெல்லாம் சரி சார். நான் மாற்றினேன், ட்ரெபிள் (மேல் ஸ்வரங்கள்) திறந்துகொண்டது, வாத்தியங்கள் நிற்கிற மேடை அகலமானது, என் காதால் கேட்டேன். நான் பொய் சொல்கிறேனா?

பொய் இல்லை சார், நீங்கள் கேட்டது உங்களுக்கு உண்மைதான். அது கேபிளின் வெள்ளியால் வந்ததா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் எழுதியதில் ஒரு வரி இருந்தது, பழைய கேபிளில் 3.5 மி.மீ. ஜாக், புதியதில் 4.4 பேலன்ஸ்டு ஜாக் என்று. பேலன்ஸ்டு என்றால் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி. நிறைய டாங்கிள்களில் (போனில் சொருகும் சின்ன ஆம்ப்) பேலன்ஸ்டு பக்கம் போனால் வோல்டேஜ் இரட்டிப்பாகும், அதாவது அதே வால்யூம் அளவில் 6 டெசிபெல் கூடுதல். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை ‘தெளிவு’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். கேபிளைக் கழற்றி மாட்டும்போது ஹெட்ஃபோன் தலையில் உட்காரும் இடம் அரை இன்ச் மாறினாலும் ட்ரெபிள் மாறும், இதை மைக் வைத்து அளந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு மேல் கண் இருக்கிறது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் ஸ்பீக்கர்களை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள், திரைக்குப் பின்னால் வைத்தபோது ஒரு மதிப்பெண், கண்ணால் பார்த்தபோது வேறு மதிப்பெண். அனுபவசாலிகளும் தப்பவில்லை. ஸ்பீக்கருக்கே இந்தக் கதி என்றால் கேபிளுக்குச் சொல்லவே வேண்டாம்.

சோதித்துப் பார்க்க ஆசையென்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு கேபிளிலும் ஒரே வகை ஜாக் இருக்க வேண்டும். வால்யூமைத் தொடக் கூடாது. வீட்டில் யாரையாவது, உங்கள் பையனையே வைத்துக்கொள்ளுங்கள், நாணயம் சுண்டச் சொல்லி, விழுவதைப் பொறுத்து உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாட்டித் தரச் சொல்லுங்கள். கேபிளைத் துணியால் மூடிவிடுங்கள், கையில் எடை தெரியாதபடி. பத்துத் தடவை. ஐந்து சரியாக வந்தால் அது குருட்டாம்போக்கு. ஒன்பதோ பத்தோ வந்தால் என்னிடம் அந்தக் கேபிளைக் கொண்டு வாருங்கள், அளந்து பார்க்க எனக்கே ஆசை. ஏனென்றால் குருட்டாம்போக்கில் அப்படி வர நூற்றுக்கு ஒரு வாய்ப்புதான்.

சூரமங்கலத்திலிருந்து: அப்படியென்றால் கேபிள் எதுவும் எப்போதும் சத்தத்தை மாற்றாதா? ஐந்து டிரைவர் இன்-இயரில் (காதுக்குள் சொருகுவது) எனக்கு நிஜமாகவே மாறியது.

மாறும். உங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு. ஆர்மேச்சர் என்ற குட்டி டிரைவர்கள் பல வைத்த இன்-இயர்களில் இம்பீடன்ஸ், அதாவது பாட்டின் மின்சாரத்துக்கு அவை காட்டும் தடை, எல்லா அலைவரிசையிலும் ஒன்றாக இருக்காது. குரல் வரும் இடத்தில் 20 ஓம், ட்ரெபிளில் 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 1 ஓம் தடையுள்ள மெல்லிய கேபிள் போட்டால் ட்ரெபிள் கிட்டத்தட்ட 2 டெசிபெல் குறையும், குரல் அரை டெசிபெல்கூடக் குறையாது. அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு 0.3 ஓம் கேபிள் போட்டால் குரலோடு ஒப்பிடும்போது ட்ரெபிள் ஒரு டெசிபெல் மேலே வரும். காதுக்குத் தெரியும், வெறும் பிரமை இல்லை.

ஆனால் மாற்றியது தடை, உலோகம் இல்லை. தடிமனான செம்புக் கேபிளும் இதே வேலையைச் செய்யும், பத்தில் ஒரு பங்கு விலையில். டாங்கிளின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும், கேபிளைத் திட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். பிளேனர் ஹெட்ஃபோன் (தட்டையான படலம் அதிரும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அதன் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு. 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன் மட்டும் தனி ஜாதி, அங்கே கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்கும் தன்மை) நிஜமாகவே கணக்கில் வரும். ஆனால் அதற்கு வரும் கேபிளை யாரும் விளையாட்டாகக் கழற்றி மாட்ட மாட்டார்கள்.

சிவதாபுரத்திலிருந்து பட்டறைத் தம்பி ஒருவர்: அண்ணா, எங்க வீட்லயே வெள்ளிக் கம்பி இழுக்கறோம். கடைல 30,000 ரூபா சொல்ற கேபிளை நானே செஞ்சா என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். முதலில் எடை. 26 கேஜ், நாலு இழை, இழைக்கு 1.3 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 7 கிராம் வெள்ளி. அதாவது கைக்குழந்தைக்குப் போடும் கொலுசு அளவுகூட இல்லை. இன்றைய கிராம் விலையை ஏழால் பெருக்கிப் பார், மீதி ரூபாய் எங்கே போகிறது என்று உனக்கே புரியும்.

இரண்டாவது, கொலுசு வெள்ளியை எடுக்காதே. 70 டச், 80 டச் (நூற்றில் 70, 80 பங்கு வெள்ளி) என்று நாம் உருக்குவதில் செம்பு கலந்திருக்கிறது, கலப்பு வெள்ளி சுத்த வெள்ளியைவிடக் குறைவாகத்தான் கடத்தும், அதற்குப் பேசாமல் சுத்தச் செம்பே தேவலை. சுத்தமான கட்டி வெள்ளியில் இழு. கம்பி இழுக்க இழுக்க விறைக்கும், உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, கடைசியில் ஒரு முறை சூடுகாட்டிப் பதமாக்கிவிடு. அப்புறம் 0.4 மி.மீ.யில் ஒற்றைக் கம்பியாக விட்டுவிடாதே. ஹெட்ஃபோன் கேபிள் நாள் முழுக்க வளையும், ஜாக் பக்கத்தில் ஒற்றைக் கம்பி சில மாதத்தில் முறியும். 0.08 வரைக்கும் உங்கள் மெஷினில் இழுக்க முடிந்தால் அந்த மெல்லிய கம்பி 25 சேர்த்து முறுக்கி ஓர் இழையாக்கு.

மூன்றாவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்ற வைக்கும் பழக்கத்தில் இதைச் செய்ய முடியாது, ஜாக்கில் இருக்கும் பிளாஸ்டிக் உருகிவிடும். ஈயம் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். சாதாரண சால்டரிங் ஈயத்தில் இருக்கும் வெள்ளீயம், வெள்ளியைக் கரைத்துக்கொள்ளும். 0.08 கம்பி என்றால் சால்டரிங் இரும்பை இரண்டு விநாடி கூடுதலாக வைத்தாலே நுனி ஈயத்துக்குள் காணாமல் போயிருக்கும். அதனால்தான் 2 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம் என்று தனியாக விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கு. நாலு இழைக்கும் தனித்தனியாக டெஃப்லான் குழாய் போடு. முடித்ததும் ஆம்ப்பில் சொருகாதே, முதலில் மல்டிமீட்டர் வைத்து இடது, வலது, கிரவுண்டு எதுவும் ஒன்றையொன்று தொடவில்லை என்று பார். கண்ணுக்கு அழகாக வரும், நிச்சயம் செய். சத்தம் செம்புக் கேபிள் மாதிரியேதான் இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து: ராணுவத்திலும் விமானத்திலும் வெள்ளி பூசிய செம்புக் கம்பிதான் போடுகிறார்களாம். அவர்கள் முட்டாள்களா?

இல்லை, அவர்களுடைய காரணம் வேறு. டெஃப்லான் உறையைக் கம்பிமேல் ஏற்றும்போது 350 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வழக்கமாகப் பூசும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் வெள்ளியோ நிக்கலோ பூசுகிறார்கள். ரேடியோ அலைகளில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும், அங்கேயும் வெள்ளிப் பூச்சு உதவும். பாட்டின் உச்ச அலைவரிசை 20 கிலோஹெர்ட்ஸ், அதில் செம்புக்குள் கிட்டத்தட்ட அரை மி.மீ. ஆழம் வரை மின்சாரம் போகும், நம் கம்பியின் தடிமனே 0.4 மி.மீ. தான்.

கூட ஒரு கதை. 1942-இல் அமெரிக்கர்கள் அணுகுண்டுத் திட்டத்துக்காக அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடன் வாங்கி ஓக் ரிட்ஜ் என்ற ஊரிலிருந்த ஆலைக்குக் காந்தச் சுருள்கள் செய்தார்கள். போர்க்காலத்தில் செம்பு கிடைக்கவில்லை, அதனால் வெள்ளி! செம்புக்கு மாற்றாக வெள்ளி போன ஒரே இடம் அதுதானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா: மகன் வாங்கிய கேபிள் பனியில் கறுத்துவிட்டது, பழையது பச்சையாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பச்சை என்பது செம்பு, கறுப்பு என்பது வெள்ளி. உறைக்குள் இருக்கும் கம்பி நிறம் மாறினால் பார்க்கத்தான் அசிங்கம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாதுங்க அம்மா. ஜாக்கிலோ பின்னிலோ கறுத்தால்தான் கரகரக்கும், ஒரு பக்கம் விட்டு விட்டு வரும். வெள்ளியைக் கறுக்க வைப்பது பனியைவிடக் கந்தகம்தான், ஈரம் அதற்குத் துணை. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கும், அதனால் கேபிளைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைக்கச் சொல்லாதீர்கள், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைக்கச் சொல்லுங்கள். விளக்கைத் தேய்க்கிற மாதிரி விபூதி, புளி, பற்பசை எதையும் ஜாக்கில் வைக்க வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

சின்னச் சின்னக் கேள்விகள் சில.

கேபிளை 200 மணி நேரம் ஓட விட்டுப் பழக்க வேண்டுமா? வேண்டாம், பழகுவது காது. கேபிளில் அம்புக்குறி எந்தப் பக்கம்? ஆடியோ இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும் மின்சாரம், அம்பு ஒரு பக்கம் மட்டும் காட்டினால் நான் என்ன செய்வது. முழுக்க ஒரே படிகமாக வார்த்த ஒற்றைப் படிகக் கம்பி நல்லதா? அது கதை இல்லை, ஜப்பானில் பேராசிரியர் ஓனோ கண்டுபிடித்த வார்ப்பு முறை. ஆனால் நம் அறை வெப்பத்தில் தடையை உண்டாக்குவது பெரும்பாலும் அணுக்களின் அதிர்வுதான், படிக எல்லைகள் இல்லை.

கொண்டலாம்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்: ஹெட்ஃபோனை விடுங்க, ஆடிப் பண்டிகைக்கு 30 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைக்கிறோம். அங்க வெள்ளி உதவுமா?

இங்கேதான் கம்பி நிஜமாகவே பேசும். 4 ஓம் ஸ்பீக்கர், 1 சதுர மி.மீ. செம்பு, போக வர 60 மீட்டர் என்றால் 1 ஓம் தடை வந்துவிடும், ஆம்ப் தரும் பவரில் ஐந்தில் ஒரு பங்கு கம்பியிலேயே சூடாகிப் போகும். வெள்ளியாக்கினால் 0.95 ஓம், ஒன்றும் மாறாது. 2.5 சதுர மி.மீ. செம்பு போடுங்கள், 0.4 ஓம்தான். வாங்கும்போது நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு போர்த்திய அலுமினியம். வெள்ளி என்று சந்தோஷப்பட வேண்டாம்.

கருப்பூர் ஹாஸ்டலிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, கையில் 3,000 ரூபாய் இருக்கு, இன்-இயர் 2,000 ரூபாய்தான். சார்ஜ் போட்டுக்கிட்டே கேட்டா கீச்சுன்னு ஒரு இரைச்சல் வேற வருது. கேபிள் இல்லைன்னா வேற எதுல செலவு பண்ணட்டும்?

முதலில் 300 ரூபாய்க்கு வேறு வேறு அளவில் காது ரப்பர் வாங்கு. காது சரியாக அடைபடவில்லை என்றால் பேஸ் மொத்தமும் வெளியே போய்விடும், எந்த உலோகமும் அதைத் திருப்பித் தராது. சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்கும்போது கீச்சென்று ஒரு இரைச்சல் வருகிறது என்றாயே, சார்ஜரைப் பிடுங்கிப் பார், நின்றுவிட்டால் அது சார்ஜர் பண்ணும் வேலை. ஈக்வலைசர் ஆப் இலவசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகு. மீதிப் பணத்தைப் பத்திரமாக வை. கேபிள் சட்டையில் உரசும்போது கரகரவென்று காதுக்குள் கேட்டாலோ காதுக்கு மேலே வளையும் இடம் விறைத்துப்போயிருந்தாலோ மட்டும் மென்மையான செம்புக் கேபிள் ஒன்று வாங்கிக்கொள். உன்னுடையது 0.78 மி.மீ. இரண்டு பின்னா, எம்எம்சிஎக்ஸ் என்ற வட்டச் சொருகியா என்று பார்த்துவிட்டு வாங்கு, மாற்றி வாங்கிவிட்டு என்னிடம் கொண்டு வந்து வெட்டி ஒட்டித் தரச் சொல்லாதே.