வயலுக்கு நடுவே மனைப்பிரிவு

கேள்வி: அய்யா, கும்பகோணத்துக்கு வெளியே எனக்கு 2 ஏக்கர் நஞ்சை. பக்கத்து 4 ஏக்கர் மனைப்பிரிவாகிறது. நானும் விற்கலாம் என்றால், "சோறு போட்ட மண்ணை அழிக்காதே" என்கிறான் தம்பி. என் நிலத்தில் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உண்டு. 1978-இல் சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டாலும், சட்டத்தின் துணையின்றி யாரும் உங்கள் நிலத்தைப் பறிக்க முடியாது. கடனுக்காக, மகள் கல்யாணத்துக்காக விற்பவரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். காவிரி டெல்டா விளைநிலத்தைக் காக்க 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டமும் ஹைட்ரோகார்பன் கிணறு போன்றவற்றைத்தான் தடுக்கிறது, வீட்டுமனையை அல்ல.

என் பயமெல்லாம் வடிகாலைப் பற்றித்தான். எங்கள் ஊரில் வயலில் மூன்றடி உயரத்துக்கு மண்ணடித்து மனை போட்டார்கள். ஆறடி அகல வாய்க்காலுக்கு ஒரு முழக் குழாய்! அந்த ஐப்பசி மழையில் என் சம்பாப் பயிர் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. பிடுங்கிப் பார்த்தேன்; வேர் அழுகி, விரலில் கூழாக ஒட்டியது. விளைவிக்கும் உரிமை எனக்கும் இருந்ததே!

பக்கத்து மனைப்பிரிவின் வரைபடத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். புலப்படத்தில் (அரசின் நில அளவை வரைபடத்தில்) உள்ள வாய்க்காலின் அகலம் அதில் குறைந்திருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 4 ஏக்கர் என்பது 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிடுகிறது. எனவே விதிப்படி, மனை போடுபவர் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித்தர வேண்டும். அதை வாய்க்கால் கரையோரமாக விடச் சொல்லுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.