மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம்: கைக்குழந்தைக்குத் தடவலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் தேவாலாவில் இருக்கிறோம். மழை தொடங்கியதிலிருந்து என் ஏழு மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. மாமியார் நீலகிரித் தைலத்தை விரலில் தொட்டு மூக்குக்குக் கீழே தடவுகிறார். "உன் வீட்டுக்காரனை இப்படித்தான் வளர்த்தேன்" என்கிறார். தடவலாமா?

பதில்: தேவாலா மழையில் எந்தப் பிள்ளைக்குத்தான் மூக்கு அடைக்காது! மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தைலம் எடுக்கும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) வாசத்தில் வளர்ந்தவர்கள் நாம். இங்கே தைலப் புட்டி இல்லாத வீடு ஏது? ஆனால் இந்த வயதில் மூக்கு, முகம், நெஞ்சு எங்கேயும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

நல்ல தைலத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சினியோல் என்ற வேதிப்பொருள்தான். அது மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பைச் சீண்டிவிடும். அடைப்பு விட்டது போலத் தோன்றும்; உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். கைக்குழந்தைக்கு அந்தக் காரத்தில் குரல்வளை இறுகி மூச்சுத் திணறலாம். ஐரோப்பிய மருந்து நெறிமுறை இரண்டரை வயதுக்குள் இதைத் தடவவும் கூடாது, ஆவி பிடிக்கவும் கூடாது என்கிறது.

வயிற்றுக்குள் போனால் இன்னும் மோசம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லியே, சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரவழைக்கப் போதும். பழைய இருமல் மருந்துப் புட்டியில் தைலத்தை ஊற்றி, மற்ற மருந்துகளோடு அதே தட்டில் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கை மாறினால்? தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் ஏறிவிடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, அடைப்புக்கு என்ன செய்வது? மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கேளுங்கள், சலைன் நேசல் டிராப்ஸ் என்றால் தருவார்கள். பால் கொடுக்கக் கொஞ்சம் முன்னால் இரண்டு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டால் போதும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அழாமல் இருக்கும்போதே நிமிடத்துக்கு 50 மூச்சு அல்லது அதற்கு மேல் எண்ணினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியாருக்கு முட்டிவலி இருந்தால், அதற்கு அதே தைலம் தாராளமாக உதவும். 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 15 சொட்டு கலந்து தேய்க்கட்டும். வலிப்பு நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள்.