கொடுங்கோலன் இறந்தபின் கோப்புகள் யார் கையில்?

கேள்வி: செவ்வாய்க் கோளில் உள்ள ஒரு குடியேற்றத்தைக் களமாகக் கொண்டு தொடர்கதை எழுதி வருகிறேன். முப்பது ஆண்டுகள் ஆண்ட சர்வாதிகாரியை முதல் அத்தியாயத்திலேயே கிளர்ச்சிக்காரர்கள் கொன்றுவிடுகிறார்கள். அதன்பின் அமையும் இடைக்கால மன்றத்தில் நடக்கும் சூழ்ச்சிகள்தாம் கதை. நல்லவர்கள் ஒரு பக்கமும் பழைய ஆட்சியின் மிச்சங்கள் மறுபக்கமுமாக நிற்பது நம்பும்படி இல்லை என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் நண்பர்கள் குறையைச் சரியாகவே உணர்ந்திருக்கிறார்கள், ஆனால் அது மன்றக் காட்சிகளில் இல்லை, அதற்கு முன்பே, கொலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்களே அவனைக் கொன்றுவிட்டால் கறைபட்ட கைகள் எல்லாம் எதிரணிக்குப் போய்விடுகின்றன. பிறகு சண்டைக்கு இடமுண்டு, சூழ்ச்சிக்கு இடமில்லை. கொடுங்கோலர்களைக் கவிழ்த்தவர்களில் பலர் அவர்களோடு ஒரே பந்தியில் உண்டவர்கள். 1794 ஜூலை 27 அன்று பிரான்சில் புரட்சிக்காலப் பயங்கர ஆட்சியின் தலைவரான ரோபெஸ்பியர் வீழ்வதற்குத் திரைமறைவில் வேலை செய்த ஃபூஷே, லியோன் நகரில் நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தவர். அடுத்த மரண தண்டனைப் பட்டியலில் தம் பெயர் இருக்குமோ என்ற அச்சமே அவரை அந்தப் பக்கம் தள்ளியது.

சோவியத் ஒன்றியத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். அம்மாதம் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகளை விடுவிக்கும் பொதுமன்னிப்பு வந்தது; அதை முன்மொழிந்தவர் இரகசியக் காவல்துறையின் தலைவரான பெரியா. ஜூன் 26 அன்று கிரெம்ளினில் நடந்த கூட்டத்திலேயே சக தலைவர்கள் அவரைக் கைதுசெய்வித்தார்கள்; டிசம்பரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய கொடுமைகள் அன்றுதான் அவர்களுக்குத் தெரியவந்தன என்று எவரும் நம்பப்போவதில்லை. காவல்படையும் எல்லோரைப் பற்றிய கோப்புகளும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் அவர்களை உறங்கவிடவில்லை. ஆகவே, உங்கள் மன்றத்தில் மிகத் தாராளமான சீர்திருத்தத்தைப் பழைய காவல் தலைவரின் வாயால் சொல்லவையுங்கள். அதை எதிர்க்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் உங்கள் நல்லவர்கள் திணறுவார்கள்.

அடுத்தது கோப்புகள். இங்கேதான் உங்கள் கதைக்கு முழுத் தீனி இருக்கிறது என்பது என் எண்ணம். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். 1989 இறுதியில் ஆட்சி ஆட்டங்கண்டபோது அதிகாரிகள் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார்கள். இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல் போகவே, தாள்களைக் கையாலேயே கிழித்து மூட்டைகளில் திணித்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று பெர்லினில் ஸ்டாசி தலைமையகத்துக்குள் மக்கள் புகுந்தார்கள். மீட்கப்பட்ட மூட்டைகள் சுமார் 16,000. பின்னாளில் நியூரம்பர்க் அருகே ஒரு சிற்றூரில் அரசு ஊழியர்கள் அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பி, தாளின் நிறத்தையும் கிழிந்த விளிம்பையும் எழுத்தையும் பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள். கிழித்தவர்கள் அவசரத்தில் ஒரே தாளின் துண்டுகளைப் பெரும்பாலும் ஒரே மூட்டையில் போட்டிருந்ததால்தான் அது சாத்தியமானது.

இதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறொன்று. பழைய ஆட்சியும் எதிர்ப்பாளர்களும் ஒன்றாக அமர்ந்த வட்டமேசை மாநாடு, ஸ்டாசியின் வெளிநாட்டு உளவுப் பிரிவு தன் கோப்புகளைத் தானே அழித்துக்கொள்ள இசைவு தந்தது. அப்பிரிவின் அட்டவணைப் பதிவுகளின் படிகளோ அமெரிக்க உளவுத்துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1990 மார்ச் 18 தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஜனநாயக எழுச்சிக் கட்சியின் தலைவரும் எதிர்ப்பாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞருமான வோல்ஃப்காங் ஷ்னூர், பல்லாண்டுகள் ஸ்டாசிக்கு உளவு சொன்னவர் என்பது அம்பலமானது. பெயர் வெளிவந்த வேறு சிலர், தங்களுக்குத் தெரியாமலே ஸ்டாசி தங்களை உளவாளிகளாகப் பதிவுசெய்துகொண்டது என்று வாதிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தியதும் உண்மை முழுவதும் திரையில் வந்து நிற்பது அறிவியல் புனைகதையின் பழைய சோம்பல்; உங்கள் குடியேற்றத்தின் நினைவகத்தைப் பாதி அழிந்ததாக வையுங்கள். ஒருவரிடம் பெயர்கள் இருக்கட்டும், இன்னொருவரிடம் அறிக்கைகள் இருக்கட்டும், இரண்டையும் இணைக்கும் எண் பூமியில் உள்ள ஒரு நிறுவனத்திடம் இருக்கட்டும்.

செவ்வாய் என்பதால் மட்டுமே கிடைக்கும் வசதி ஒன்றை நீங்கள் கைவிட்டிருக்கிறீர்கள்: அங்கே காற்றும் நீரும் இயந்திரத்திலிருந்து வருகின்றன. ஈராக்கில் 2003 மே 16 அன்று அமெரிக்கத் தலைமையிலான இடைக்கால நிர்வாகம் சதாம் உசேனின் பாத் கட்சியின் மூத்த உறுப்பினர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்க ஆணையிட்டது. ஒரு வாரத்தில் இராணுவத்தையும் கலைத்தது. பதவிக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த ஆசிரியர்களும் பொறியாளர்களும்கூட வேலையிழந்தார்கள், ஆயுதம் பழகியவர்கள் சம்பளமின்றித் தெருவுக்கு வந்தார்கள். பாலைவனத்திலேயே அந்த விளைவு என்றால், காற்றுச் சுத்திகரிப்பை அறிந்த நாற்பது பேரும் பழைய கட்சிக்காரர்களாக இருக்கும் ஓர் ஊரில் அவர்களை விலக்கும் ஆணைக்கு யார் கையெழுத்திடுவார்?

படைத்தலைவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரைக் கலகம் செய்யவைக்காதீர்கள். அதற்குத் தேவையே இருக்காது. சிலியில் 1990இல் அதிபர் பதவியை விட்டிறங்கிய சர்வாதிகாரி பினோசெட் 1998 வரை இராணுவத் தளபதியாகவே நீடித்தார். இராணுவம் அவருடைய மகனுக்குக் கொடுத்த காசோலைகள் பற்றிய வழக்கு 1993 மே மாதம் மீண்டும் கிளம்பியபோது, அதிபர் மாளிகைக்கு அருகிலிருந்த இராணுவக் கட்டடத்தின் முன் போர் உடையில் வீரர்கள் வந்து நின்றார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

இப்போதைக்கு முதல் அத்தியாயத்தை மட்டும் திருத்துங்கள். கொல்பவன் சர்வாதிகாரியின் அறைக்குச் சாவி வைத்திருப்பவனாக இருக்கட்டும். கொன்றதும் வெளியே காத்திருக்கும் கூட்டத்தை நோக்கி ஓடாமல், மேசை இழுப்பறையைத் திறந்து தன் பெயரிட்ட கோப்பைத் தேடட்டும். அது அங்கே இல்லாமல் போகட்டும்.