கரம்பை கொட்டிய தோட்டத்தில் கத்தரி ஏன் அழுகுகிறது?

கேள்வி: பள்ளத்தூரை அடுத்த சிற்றூரில், எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி இரண்டு சென்ட் தோட்டம் இருக்கிறது. செம்மண்ணில் ஈரம் நிற்கவில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த களிமண், எட்டு லோடு அடித்தோம். இப்போது மழையில் சேறாகிறது, கோடையில் விரல் நுழையும் அளவு வெடிக்கிறது. கத்தரியும் மிளகாயும் வேரழுகிச் சாகின்றன. ஆற்று மணல் கலக்கலாமா, ஜிப்சம் இடலாமா? ரசாயனம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

பதில்: கரம்பை நல்ல மண்தான், அளவுதான் மிஞ்சிவிட்டது. ஒரு டிராக்டர் டிப்பரில் ஏறக்குறைய 100 கன அடி மண் வரும் என்று கொண்டால், 871 சதுர அடியுள்ள உங்கள் இரண்டு சென்டில் எட்டு லோடு மண் ஏறத்தாழ ஓரடி கனத்துக்குப் படிந்திருக்கும். ஒரே ஒரு லோடு இறக்கி, ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவாகப் பரப்பி, செம்மண்ணோடு கொத்திக் கலந்திருந்தால் நீங்கள் விரும்பிய ஈரம் கிடைத்திருக்கும். இப்போது அங்கே இருப்பது செம்மண்ணின் மேல் விரித்த களிமண் பாய். நுண்ணிய மண்ணுக்கு அடியில் பருமணலோ சரளையோ இருந்தால், மேலடுக்கு முழுவதும் நீரால் நிறையும் வரை தண்ணீர் கீழே இறங்காது. அந்த நாட்களில் வேருக்குக் காற்றில்லை. அழுகல் நோய் பற்றுவது அப்போதுதான்.

ஆற்று மணல் வேண்டாம். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கொஞ்சம் மணல் சேர்த்தால் மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு முன்னிலும் கெட்டியாகும். செங்கல் அறுப்பவர்கள் காய்கையில் வெடிக்காமல் இருக்கக் களியில் மணல் சேர்ப்பார்கள். நீங்கள் செய்ய நினைப்பதும் ஏறக்குறைய அதுவே. மண்ணின் தன்மையே மாற வேண்டுமானால் பாதிக்குப் பாதி மணல் தேவைப்படும். அதற்குச் செலவழிக்கும் முன், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். அடியில் பொலபொலப்பான செம்மண் இருந்தால், அதையே மேலே கொண்டுவந்து கரம்பையோடு கலக்கலாம். செம்புறாங்கல் பாறை தட்டுப்பட்டால் புரட்ட முயல வேண்டாம். கடப்பாரையால் ஆங்காங்கே துளையிட்டு, நீர் இறங்க வழி செய்தால் போதும்.

ஜிப்சத்தைப் பொறுத்தவரை, முதலில் ஒரு சோதனை. கொண்டைக்கடலை அளவுள்ள காய்ந்த கட்டி ஒன்றை, சேமித்த மழைநீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் மெதுவாகப் போட்டு, அசைக்காமல் ஒரு நாள் விடுங்கள். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாகவே நின்றால் குறை மக்கில்தான் (மண்ணில் மட்கிய இலை, சாணம் போன்றவை போதவில்லை), ஜிப்சத்தால் பயனில்லை. கட்டியைச் சுற்றி நீர் பால்போலக் கலங்கினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது. அப்போது ஜிப்சம் உதவும், இயற்கைச் சாகுபடிக்குச் சுரங்க ஜிப்சமாகப் பார்த்து வாங்க வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை முடிவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம். நம் பக்கத்தில் பழைய வீடு இடித்த சுண்ணாம்புக் காரையைத் தோட்டத்தில் கொட்டி மண்ணை இளக்கப் பார்க்கும் வழக்கமும் உண்டு. சுண்ணாம்பு மண்ணின் காரத்தை ஏற்றும், இலைகள் இரும்புச் சத்தின்றி வெளிறும், ஆகவே தவிர்த்துவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கோடை மழை பெய்ததும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதையை 400 கிராம் தூவுங்கள். நீர் தேங்கினாலும் தாங்கும், வேர் களியைத் துளைத்து இறங்கும். 45 நாட்களில், பூவெடுக்கும் தருணத்தில், தண்டு நாராகும் முன்னர் வெட்டி மண்ணோடு மடக்கிவிட வேண்டும். மூன்று வாரம் கழித்து, நன்கு மட்கிய தொழுவுரத்தை இரண்டு அங்குலக் கனத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை லோடு, மேல் அரையடி மண்ணில் கலந்துவிடுங்கள். அரிசி ஆலையில் கருகிய உமி கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். வெளுத்த சாம்பல் வேண்டாம். பச்சைத் தென்னை நார்க்கழிவு கூடவே கூடாது. மட்காமல் இட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் முக்கியம், எப்போது கொத்துவது என்பது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். கைமுறுக்கு மாவுபோல உடையாமல் நீண்டால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் பதம். நான் ஒருமுறை ஐப்பசி மழை விட்ட மறுநாளே ஆள்விட்டுக் கொத்தினேன். புரண்ட கட்டிகள் சித்திரை வரை மண்வெட்டிக்கு மசியவில்லை. பதத்தில் கொத்திய மண்ணை, இரு புறமிருந்தும் கை எட்டும்படி மூன்றரை அடி அகலத்தில், ஓரடி உயர மேட்டுப்பாத்திகளாக அணைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பாத்தியின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. வைக்கோலோ கடலை ஓடோ கொண்டு நான்கு அங்குலம் மூடாக்கிட்டால் வெடிப்பு குறையும். நம் வெயிலில் மக்கு விரைவில் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் தொழுவுரம் இட வேண்டியிருக்கும். ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து பாதியளவே போதும்.

கத்தரியும் மிளகாயும் இந்த மேட்டில் நிற்கட்டும், தண்டை ஒட்டித் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். பாத்திகளுக்கு இடையிலான வாய்க்கால்கள் போய்ச் சேரும் தாழ்ந்த மூலையில் எப்படியும் நீர் நிற்கும். அந்த மூலையைத் திருத்த முயலாமல், சேம்பும் பொன்னாங்கண்ணியும் நட்டுவிடுங்கள்.