எதிர்த் திண்ணையிலிருந்து ஓர் ஓட்டு வீடு

ஓவியப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டை, இரண்டு பக்கச் சுவரும் தெரிகிற மாதிரி பென்சிலில் வரைகிறேன். பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தைக் காட்டும்) கோடுகளை ஸ்கேல் வைத்துத்தான் போடுகிறேன். ஆனாலும் வீட்டின் மூலை கப்பல் முனை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. கூரையும் முன்னால் சாய்கிறது. ஏன்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: கோடு போடுவதில் குறை இருக்காது. இரண்டு மறைபுள்ளிகளையும், அதாவது ஒவ்வொரு சுவரின் கிடைக்கோடுகளும் தூரத்தில் போய்ச் சேருகிற புள்ளிகளையும், தாளுக்குள்ளேயே வைத்திருப்பீர்கள். ஏ3 தாளின் நீளம் 42 சென்டிமீட்டர். அதன் இரண்டு ஓரத்திலும் புள்ளி வைத்து, நடுவில் 30 சென்டிமீட்டருக்கு வீடு வரைந்தால் மூலை துருத்தத்தான் செய்யும். புள்ளிகள் நெருங்க நெருங்க, சுவரை ஒட்டி நின்று பார்க்கிற பார்வை ஆகிவிடும். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் முழு வீடும் கண்ணுக்குள் அடங்காதே! வீட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது புள்ளிகளுக்கு இடையே தூரம் வேண்டும். நான் மூன்று மடங்கு வைப்பேன். தாளைப் பெரிய பலகையில் ஒட்டி, இரண்டு பக்கமும் பழைய காலண்டர் தாளை ஒட்டி நீட்டிக்கொண்டு, புள்ளிகளை அதில் குறியுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நமக்குக் கிட்டத்தில் இருக்கும் மூலை தரையைத் தொடுகிற இடத்தில், இரு சுவர்களின் அடிக்கோடுகளும் சேருகின்றன அல்லவா? அங்கே ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தின் செங்கோணத்தை வைத்துப் பாருங்கள். அந்தக் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் படம் கோணிவிட்டது என்று அர்த்தம். அழித்துவிட்டுப் புள்ளிகளைத் தள்ளி வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் முடிவு செய்ய வேண்டியது கண்மட்டக் கோடு, அதாவது உங்கள் கண்ணின் உயரத்தில் படத்தின் குறுக்கே போகிற கோடு. மறைபுள்ளிகள் இரண்டும் அதன் மேல்தான் உட்காரும். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைந்தால் உங்கள் கண் தெருவிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். நின்று பார்க்கிற உயரமும் அதுதான். அங்கிருந்து பார்த்தால் வரைகிற வீட்டுத் திண்ணையின் மேல்பரப்பு நன்றாகத் தெரியும். அதே தெருவில் தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கண் இரண்டரை அடிக்கு இறங்கிவிடும், திண்ணையின் மேல்பரப்பு ஒற்றைக் கோடாகிவிடும்! ஆகவே பாதியில் இடம் மாறாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளாரன்ஸ் நகரத்து ஞானஸ்நான ஆலயத்தை வரைந்த இத்தாலியக் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி, பார்க்கிறவரின் கண் நகரவே கூடாது என்று படத்தில் ஒரு துளை போட்டு, பின்னாலிருந்து அதன் வழியே கண்ணாடியில் பார்க்க வைத்தார்.

கூரைக்கு வருகிறேன். பக்கச் சுவரின் நடுவை ஸ்கேலால் அளந்து முகட்டை வைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் முன்சரிவு குட்டையாகவும் பின்சரிவு நீளமாகவும் வரும், கூரை முன்னால் சாயும். அந்தச் சுவரின் நாற்கோணத்துக்குக் குறுக்கே இரண்டு மூலைவிட்டம் போடுங்கள். அவை வெட்டுகிற இடம்தான் நடு. ஸ்கேல் காட்டும் நடுவைவிட அது கொஞ்சம் தள்ளி இருக்கும். அங்கிருந்து நேர்மேலே ஏற்றி முகட்டு நுனியைக் குறியுங்கள். அப்புறம் முகட்டுக் கோட்டை, முன்சுவருக்கு உரிய அதே மறைபுள்ளிக்கு இழுங்கள்.

கேள்வி: திண்ணைத் தூண்கள் சம இடைவெளியில் இருக்கின்றன. போகப்போக எவ்வளவு நெருக்கி வரைவது? ஓடுகளை எல்லாம் வரைய வேண்டுமா?
(வாசகர், திருவாரூர்)

பதில்: முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் பார்த்து வையுங்கள். முதல் தூணின் நடு உயரத்திலிருந்து மறைபுள்ளிக்கு ஒரு கோடு. அது இரண்டாம் தூணை வெட்டும். முதல் தூணின் தலையிலிருந்து அந்த வெட்டுப்புள்ளி வழியாகக் கீழே இழுத்தால், அடிக்கோட்டைத் தொடுகிற இடம்தான் மூன்றாம் தூண். இப்படியே போகலாம்.

ஓடு எல்லாவற்றையும் வரையவே வேண்டாம். கிட்டத்து ஓரத்தில் சில வரிசையும் முகட்டு ஓடும் போதும். அதைவிட, கூரை விளிம்புக்குக் கீழே சுவரில் விழுகிற நிழலைக் கவனியுங்கள், வீட்டுக்குக் கனம் தருவது அதுதான். கூரை விளிம்பு போகிற அதே மறைபுள்ளிக்குத்தான் நிழலின் விளிம்பும் போகும். அளவுக் கோடுகளுக்கு மெல்லிய கோடு விழும் 2எச் பென்சில், இந்த நிழலுக்குக் கருமையான 4பி பென்சில்.

கேள்வி: செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் சுவர்கள் மேலே போகப்போக உள்ளே சாய்கின்றன. அப்படியே வரையலாமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: வேண்டாம். போனை அண்ணாந்து பிடித்து எடுத்ததால் வந்தது அது. நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். தெரு அதிகமாக விழுந்தால் அதை வெட்டிவிடலாம்.